கழற்றப்படாத தூளி

இதனை எழுதியாக வேண்டிய கட்டாயம் துறைமுகத்தின் எதிர்க்கரையான பாம்பூஃப்ளாட் செல்லும் படகில் எனக்கு நேர்ந்தது. அருகில் அமர்ந்திருந்தவர் முன்பின் அறியாதவர். நான் இன்னார் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி, "ஒங்க வீட்டம்மாவ மிஷின் அறுத்துப் போட்டுருச்சாமே சார்" என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். கப்பல் துறையான ஜெட்டியில் எல்லாரும் சொல்வதாகச் சொன்னார். அந்த எல்லாரும் ஒரே ஆள்தான் என்பதையும், அந்த ஆள் என் மனைவியின் உடன்பிறந்த தம்பி என்பதையும் நான் அறிவேன்.

அன்று நான் கடல் கடந்து போனதே அந்தப் பேச்சின் விளைவைக் காண்பதற்குத்தான். பாம்பூஃப்ளாட்டில் எங்களுக்குப் பழக்கமான வணிகர் குடும்பம் ஒன்று உண்டு. நடை இழந்த தாயாருக்காக எங்கள் வீட்டில் இருப்பதைப் போன்றதொரு தூக்குப்பொறியை அவர்களும் வரவழைத்திருந்தனர். நான் சென்றபோது அது பின்னறையில் நின்றது. அதன் நீண்ட கரத்தில் ஈரத்துணிகள் காய்ந்தன. தாயாரைப் பிள்ளைகள் போர்வையின் நான்கு முனைகளைப் பற்றித் தூக்குகின்றனர். ஒருமுறை ஒரு முனை கை நழுவியதில் அந்த அம்மையாரின் முழங்கை கட்டில் சட்டத்தில் மோதிக் கன்றியிருந்தது. பொறியை ஏன் பயன்படுத்தவில்லை என்று வினவினேன். மூத்த மகன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஒங்க மச்சினரே சொல்லிட்டாரு சார், அது ஆள அறுக்கும்னு. அதுக்கப்புறம் உம்மாவ அதுல போட மனசு வரல."

நான் எடுத்துச் சொன்னவற்றை அவர்கள் பணிவோடு கேட்டனர். ஒரு சொல்லையும் நம்பவில்லை. பொறியை வாங்கி வைத்தவனும் புண்பட்டவளின் கணவனும் நானே என்பதால் என் சான்றுக்கு அங்கே மதிப்பில்லை. திரும்பும் படகிலேயே எழுதுவதென்று முடிவு செய்தேன். பொறி என் மனைவியை அறுக்கவில்லை. அறுத்தது எது, அதனை அவள் உடலுக்கு அடியில் வைத்தவர் யார் என்பதே இனி வருவது.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. பேச்சு குழறிப் போய்ச் சிறுகச் சிறுக மீண்டது. அறிவு சற்றும் மங்கவில்லை. நாள்தோறும் அவளை எழுப்பிச் சக்கர நாற்காலியில் அமர்த்த வேண்டும், படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், முதுகில் புண் வரும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அவளுக்கும் அதுவே வேட்கை. எங்கள் வீடு ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தை நோக்கிய சரிவில் உள்ளது. கூடத்துச் சன்னலருகே அமர்ந்தால் தீவுகளுக்குச் செல்லும் கப்பல்கள் கட்டப்படுவதும் அவிழ்க்கப்படுவதும் தெரியும். அவள் தந்தையார் அந்தத் துறையில் உழைத்தவர்; தம்பியும் அங்கேயே சரக்கேற்றும் பணியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் காண்பது அவளுக்கு உணவு போன்றது. நாற்காலி வரை செல்ல இயலுமா, இயலாதா என்பதைத் தவிர அவள் வாழ்வில் அப்போது வேறு கேள்வி இல்லை.

எனக்கோ வயதாயிற்று. பகலில் உதவிக்கு வரும் பெண்மணி ராஞ்சியிலிருந்து குடியேறியவர்களின் குடியிருப்பைச் சேர்ந்தவர், மெலிந்த உடலினர். நாங்கள் இருவரும் சேர்ந்து அவளைத் தூக்குவது மூவர்க்கும் கேடு. ஆகவே கைப்பிடியால் அழுத்தி உயர்த்தும் தூக்குப்பொறி ஒன்றைச் சென்னையிலிருந்து கப்பலில் வரவழைத்தோம். அதனோடு வந்ததுதான் தூளி. கடைக்காரர்களும் செவிலியரும் அதனை ஸ்லிங் என்பர். நோயாளியின் முதுகை அணைத்து, இரு கால்களின் அடியிலும் தனித்தனியாகப் புகுந்து, பொறியின் குறுக்குத்தண்டில் வளையங்களால் மாட்டப்படும் துணி அது. உயிர் தொங்குவது அந்தத் துணியில்தான். பொறி வெறும் கை.

வந்த தூளி என் மனைவிக்குப் பெரிது. முதல் நாள் உயர்த்தியதும் அவள் முழங்கால்கள் மார்பை நோக்கி எழுந்தன. இடுப்பு கீழே இறங்கியது. துணியின் பிளவு வழியே அவள் நழுவத் தொடங்கியதை உதவிப் பெண்மணி முதலில் கண்டு கைகொடுத்துத் தாங்க, நான் பொறியைத் தாழ்த்தினேன். ஓரடி உயரந்தான் எழுந்திருந்தாள். கட்டிலின் மீதே அமர்ந்துவிட்டாள். ஆயினும் அன்று முழுதும் அவள் இடக்கை கட்டில் சட்டத்தை விடவில்லை. விற்றவரை அழைத்தேன். "காமன் சைஸ் சார் அது, எல்லாருக்கும் செட் ஆகும்" என்றார். எல்லார்க்கும் பொருந்துவது என்று ஒரு துணியைக் கப்பலேற்றியவர் என் மனைவியின் உயரத்தையோ எடையையோ, கழுத்து நிற்கிறதா என்பதையோ ஒரு சொல் கேட்டாரில்லை. வேறு அளவு அனுப்பக் கேட்டேன். இருப்பில் இல்லை, வந்ததும் அனுப்புவதாகச் சொன்னார். மெயின்லேண்டில் இருப்போர்க்கு எங்கள் தீவு ஒரு முகவரி. கடல் அவர்கள் கணக்கில் வராது.

இந்த இடைவெளியில்தான் டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்து மைத்துனர் வந்து சேர்ந்தார். வந்தவர் தூளியை ஒருமுறை உதறிப் பார்த்துச் சிரித்தார். "இதுக்குப் போயி சென்னைக்காரன்ட்ட கெஞ்சுறீங்களே அத்தான். ஸ்லிங் எனக்குத் தெரியாததா? லாரியத் தூக்கிருக்கேன், மாட்டத் தூக்கிருக்கேன்." சொன்னபடியே தோள்பக்க வளையங்களைக் குறுக்குவதற்காக அவற்றில் முடிச்சுப் போட்டார். வளையங்கள் வெவ்வேறு நீளத்தில், வெவ்வேறு நிறத்தில் தைக்கப்பட்டிருப்பதே தேவைக்கேற்ற நீளத்தில் மாட்டுவதற்குத்தான், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே நிறத்தை மாட்டினால் போதும், முடிச்சு நாடாவின் வலிமையைக் குலைக்கும் என்று உடன் வந்த கையேட்டைக் காட்டினேன். அவர் கையேட்டைத் தொடவில்லை. முடிச்சுகளை அவிழ்த்தேன். அவர் மீண்டும் போட்டார். "விடுங்க ரெண்டு பேரும்" என்று படுக்கையிலிருந்து குரல் வந்த பிறகே ஓய்ந்தோம்.

அடுத்த முறை வந்தபோது தாமே தைத்த தூளியோடு வந்தார். கப்பலில் சரக்கு மூடும் தடித்த கித்தான். ஓரமெங்கும் இருமடி மடித்து, கயிறு வைத்து, மெழுகு நூலால் தைத்தது. அதில் அரிசி மூட்டைகளை ஏற்றிப் பார்த்தார். பிறகு தாமே ஏறித் தொங்கிக் காட்டினார். கித்தான் முனகக்கூட இல்லை. இங்கு ஒன்றை மறைப்பது முறையன்று: அளவை அவர் சரியாகவே எடுத்திருந்தார். அக்காளின் தோளிலிருந்து வால் எலும்பு வரை நூல் பிடித்து அளந்தார். தலைக்கு அணையும் வைத்திருந்தார். கால் பட்டைகளை ஒன்றனுள் ஒன்றைக் கோத்து மாட்டினார். அவள் நழுவவில்லை, சாயவில்லை. நோய்ப்பட்ட பின் முதன்முறையாகச் சன்னலருகே அமர்ந்தாள். ஹட்பே செல்லும் கப்பல் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவள் அதனைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மைத்துனர் எங்கள் இருவரையும் பார்த்த பார்வையில் இருந்த வெற்றியை நான் இன்றளவும் மன்னிக்கவில்லை.

கேடு அதற்குப் பின்னர் வந்தது. அது இந்தத் தீவுகளின் சரக்குத் தொழிலுக்கே உரிய ஒரு வழக்கத்திலிருந்து வந்தது. தென்தீவுகளுக்குச் செல்லும் கப்பல்களில், இங்கு கட்டிய கயிற்றுத் தூளியை அவிழ்க்காமலே மூட்டைகளை அடுக்குவதுண்டு. போய்ச் சேரும் இடத்தில் கடல் கொந்தளிக்கும், நேரம் குறைவாயிருக்கும். மறுபடி தூளி கட்டிக்கொண்டிருக்க இயலாது. கொக்கியை மாட்டியதும் தூக்கிவிடலாம். வழி முழுதும் சரக்கு தன் தூளியின் மேலேயே கிடக்கும். மூட்டைக்கு அது நல்ல முறை.

அவர் அதே முறையை உடன்பிறந்தவளுக்குச் செய்தார். நாற்காலியில் அமர்த்திய பின் தூளியை எடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். வேண்டாம் என்றார். படுக்க வைத்த பின்னாவது எடுக்க வேண்டும் என்றேன். அதுவும் வேண்டாம் என்றார். "கழட்டுனா நாளைக்கு மறுபடி பொரட்டிப் போடணும்லா. தோள் வலியில கத்துறா. எதுக்கு அவள ரெண்டு தடவ பாடு படுத்தணும்? கெடக்கட்டும் அத்தான், டென்ஷன் எடுக்காதீங்க." புரட்டும்போது அவள் வலத்தோள் வலித்தது உண்மை. ஆகையால் அவளும், "இருக்கட்டும்" என்றாள். உதவிப் பெண்மணிக்கும் வேலை குறைந்தது. கையேட்டை நான் உரக்கப் படித்தேன். மைத்துனர் அதனைப் புத்தகப் பேச்சு என்றார். நாள்தோறும் சொன்னேன், நாள்தோறும் மூவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக இருந்தோம். அவள் கித்தான் மேல் அமர்ந்தாள், கித்தான் மேல் உண்டாள், கித்தான் மேல் உறங்கினாள். இங்குள்ள புழுக்கத்தில் துணி வியர்வையை வாங்கிக்கொண்டு உலராமல் கிடந்தது.

ஒரு காலை உடம்பு துடைக்கையில் உதவிப் பெண்மணி என்னை உள்ளே அழைத்தார். கயிறு வைத்த ஓரம் எந்த வளைவில் தைக்கப்பட்டிருந்ததோ, அதே வளைவில் என் மனைவியின் பின்புறத்தில் சிவந்த கோடு ஓடியது. வால் எலும்பின் மேல் தோல் உரிந்து ஈரமாயிருந்தது. ஆண்ட்டிக்கு வலிக்கவில்லையாம் என்று அவர் தீவு இந்தியில் சொன்னார். வலிக்காததே எனக்கு அச்சத்தை ஊட்டியது.

வீட்டுக்கு வந்து பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர் மலையாளப் பெண். விடுமுறையில் சென்றிருந்தவர் அன்றுதான் திரும்பினார். கித்தானை இரு விரலால் தூக்கிப் பிடித்தார். இவ்வளவு நாள் இதன் மேலேயா இருந்தார் என்று கேட்டார். என்னையும் விட்டுவைக்கவில்லை, படித்த ஆள் இருந்தும் வீட்டில் இப்படியா என்றார். நான் சொன்னதையெல்லாம் சொன்னேன். சொன்னால் போதுமா என்றார். அந்தப் பெண்ணின் பேச்சு இனிமையற்றது. ஆயினும் அன்று எனக்கு இனிமை தேவைப்படவில்லை. நாற்காலியில் நாங்கள் வைத்திருந்த மெத்தை உடலின் எடையைப் பரப்பித் தாங்குவதற்கானது என்றும், அதன் மேல் விறைத்த கித்தானை இழுத்து விரித்தால் மெத்தை இருந்தும் இல்லாததே என்றும் விளக்கினார். விட்டுவைப்பதற்கென்றே மெல்லிய துணியில் ஆக்கப்பட்ட தூளிகள் உண்டு. அவற்றையும் தோலைப் பார்த்து அறிந்தவர் சொன்னால் மட்டுமே விட்டுவைக்க வேண்டும். மற்றவை ஏற்றி இறக்குவதற்கு மட்டும். புண் ஆறும் வரை நாற்காலி கூடாது. ஆழமாகிவிட்டால் இனி எந்நாளும் நாற்காலி இல்லை. இதைச் சொல்லும்போது என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். சன்னல் பக்கம் இருந்த முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மைத்துனரை வரச் சொன்னேன். வந்தார். புண்ணைப் பார்த்தார், ஒரு கணம் முகம் வெளுத்தது. அந்தக் கணத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திராது. அவரோ பொறியைக் காலால் தட்டி, இந்த மிஷின் சரியில்லை, இது இழுக்கும்போது அறுக்கிறது என்றார். பல்லாண்டுகளாக அவரை மாப்பிள்ளை என்று அழைத்து வந்தவன் நான். அன்று முதல் 'நீர்' என்றேன். "நீர் தைத்த ஓரம் அவள் தோலில் அச்சாகப் பதிந்திருக்கிறது. பொறிக்குத் தைக்கத் தெரியாது" என்றேன்.

"எங்க ஸ்லிங் அறுக்காது அத்தான். கார் நிக்கோபார் வரைக்கும் சரக்கு அதுமேலதான் போவுது. ஒரு மூட்ட கிழிஞ்சதுன்னு எவனாவது சொல்லட்டும்."

சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த என் மனைவி வாயைத் திறந்தாள். குழறல் இருந்தது, ஆயினும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகவே விழுந்தது.

"ஏல, என்னய எந்தத் தீவுல எறக்கப் போற?"

உதவிப் பெண்மணிக்குத் தமிழ் முழுதும் புரியாது. ஆயினும் அவர் கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"நீ ஒக்காரு அதுல" என்றாள் அடுத்து.

மைத்துனர் சிரிக்க முயன்றார். அக்காள் சிரிக்கவில்லை. கித்தானை நாற்காலியில் விரித்து அவரை அமரச் செய்தோம். துறையில் ஒரு கப்பல் சரக்கேற்றிக்கொண்டிருந்தது. அது புறப்படும் வரை அமர வேண்டும் என்பது அவள் கட்டளை. முதலில் கால்மேல் கால் போடப் பார்த்தார். இயன்முறை மருத்துவர் அருகே நின்று, "அசையக் கூடாது. சேச்சி அசைய முடியாதில்லே" என்றார். அதன் பிறகு மைத்துனர் அசையாமல் இருக்க முயன்றதைக் காண்பது எனக்கு இன்பமாயிருந்தது என்பதை மறைக்க மாட்டேன். நெற்றி வியர்த்தது. ஒரு பக்கம் சாய்ந்தார், மருத்துவர் பார்த்தார், நிமிர்ந்தார். கப்பலின் பாரந்தூக்கி இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. ஜெட்டியில் பிறரை வேகப்படுத்தியே வாழ்ந்தவர், இன்னுமா ஏத்துறானுவ என்று முணுமுணுத்தார். கப்பல் புறப்படவில்லை, அவர் எழுந்துவிட்டார். வேட்டியின் மேல் கையை வைத்துத் தொடையைத் தேய்த்தபடியே நின்றார்.

தவறு என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கித்தானை ஒழுங்காக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். "அந்த மிஷினத் தூக்கிக் கடல்ல போடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அன்று தொடங்கியதுதான் ஜெட்டியில் உலவும் கதை. தம் கையால் தைத்ததைக் குறை சொல்ல மனம் வராதவர், எழுந்து வந்து அவர் கதையை மறுக்க இயலாத ஓர் இரும்பின் மேல் பழி போட்டார். அந்தப் பழியால் பாம்பூஃப்ளாட்டில் ஒரு கிழவி போர்வையில் தொங்குகிறார்.

புண் மெல்ல ஆறியது. இயன்முறை மருத்துவரே விற்றவரிடம் பேசினார். உயரம், எடை, இடுப்புச் சுற்று, கழுத்து தளர்வது, வலக்கை வலுவற்றது எல்லாவற்றையும் சொல்லி, எங்கள் பொறியின் கொக்கிக்குப் பொருந்துவதாக ஒரு தூளியைப் பெற்றுத் தந்தார். கழிப்பறைக்கு எளிதென்று அகன்ற திறப்புள்ள வகையொன்றையும் விற்றவர் தள்ளிவிடப் பார்த்தார். தன் உடலைத் தானே நிறுத்திக்கொள்ள வல்லவர்க்கே அது உரியது, இவருக்கு அது படுகுழி என்று மருத்துவர் மறுத்துவிட்டார். மைத்துனரின் ஒரே முறையான வாதத்துக்கும் அவரிடம் விடை இருந்தது. அமர்ந்த பின் தூளியை எடுக்க நோயாளியைப் புரட்டவே வேண்டாம். கால் பட்டைகளைத் தொடைக்கு அடியிலிருந்து உருவி, பக்கவாட்டில் விட்டு, சற்றே முன்னால் சாய்த்துத் தாங்கிக்கொண்டு முதுகுப்புறமாக மேலே இழுத்துவிடலாம். மீண்டும் போடுவதும் அவ்வாறே; படுக்கையில் இருவர் தாங்கி உட்கார வைத்தும் அப்படியே போடலாம். அந்த வலிக்காகத்தான் அவள் கித்தானைப் பொறுத்திருந்தாள். அந்த வலி தேவையே இல்லாதது.

இப்போது ஏற்றும்முன் நான் தையலையும் வளையங்களையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். உப்புக்காற்றும் வெயிலும் நூலை இற்றுப்போகச் செய்யும், ஆகவே நிழலில் உலர்த்துகிறோம். நூல் பிரிந்ததையோ எடை வரம்பு எழுதிய சீட்டு அழிந்துபோனதையோ பயன்படுத்துவதில்லை. நாற்காலியின் தடையைப் போட்டபின், இருவர் இருந்தால் மட்டும், படுக்கையிலிருந்து ஒரு கையளவு உயர்த்தி நிறுத்துகிறோம். வளையங்கள் சரியாக அமர்ந்தனவா, அவள் நேராக இருக்கிறாளா என்று பார்த்த பிறகே மேலே. தொங்கும்போது யாரும் பேசக் கூடாதென்பது அவள் விதித்தது. நாற்காலியில் அமர்ந்ததும் அவளே இடக்கையால் பட்டையை இழுத்து, "எடு" என்பாள். எடுத்து அவள் காணும்படி கொடியில் போட்ட பிறகுதான் சன்னல் பக்கம் திரும்புவாள்.

பாம்பூஃப்ளாட் வீட்டுக்கு இக்கட்டுரையின் படியொன்றை அனுப்பவிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் என்னை நம்ப வேண்டாம். அளவு அறிந்த ஒருவரை அழைத்துத் தூளியைப் பார்க்கச் சொல்லட்டும். முதலில் அந்தத் துணிகளைப் பொறியிலிருந்து எடுக்கட்டும்.

எழுதியதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். இறுதியில், என் மைத்துனர் இதில் பிழை கண்டால் எழுதி அனுப்பலாம், நேரில் வர வேண்டியதில்லை என்று முடித்திருந்தேன். அவள் அந்த வரியை அடிக்கச் சொன்னாள்.

"வரட்டும். வந்து கப்பல் போற வரைக்கும் ஒக்காரட்டும்."

அடித்துவிட்டேன். மருத்துவம் என் துறையன்று. கப்பல் தொழிலும் அன்று. தூளியின் அளவைப் பற்றியோ, மாட்டும் முறையைப் பற்றியோ, சரக்குக் கட்டும் வழக்கத்தைப் பற்றியோ நான் பிறழ எழுதியிருந்தால் அறிந்தவர்கள் தயங்காமல் திருத்த வேண்டுகிறேன். இதை நம்பி யாரேனும் ஒருவரைத் தூக்குவதற்கு முன்பாகவே திருத்துங்கள்.